மண்ணிலிருந்து நாலு விரல்

அத்தியாயம் பத்தொன்பது

ஒரு காளை இருந்தது. அதற்குத் தடித்த கழுத்து, நீண்ட கொம்பு. குளத்தில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் தலையைத் தாழ்த்த வேண்டியிருக்கிறதே என்று அதற்கு ஒரு மனக்குறை. ஒருநாள் கரையில் நின்றுகொண்டு, "இனி நீதான் என் வாய்க்கு எழுந்து வரவேண்டும்" என்று குளத்திடம் சொல்லிவிட்டது. குளம் பொறுமையானது. மூன்று நாள் காளை தாகத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, மேகத்துக்குச் சொல்லி அனுப்பியது. நான்காம் நாள் குளம் எழுந்தது. காளையின் வாய்வரை வந்தது. பிறகு மூக்குவரை வந்தது. பிறகு கொம்பு மட்டும் ஒரு சாண் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

குளத்தின்மேல் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் கொடுத்தது.

காரமடைக்கு மேற்கே பிரான்சிஸின் தோட்டத்துக்கு வருவோம். இரண்டு ஏக்கர் கறிவேப்பிலை. கோவையில் ஒரு வார்ப்பட ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற பிரான்சிஸ் வாங்கிய நிலம். அதில் பாடுபடுகிறவர்கள் அவருடைய தம்பி ஆல்வினும் அவன் மனைவி மெர்சியும். அந்தத் தோட்டத்தில் மூன்று ஆண்டுகளாக ஒருவரும் குனிவதில்லை. அது பிரான்சிஸ் போட்ட சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. இவர்களுடைய தந்தை ஆறுச்சாமி நாற்பது ஆண்டு அடுத்தவர் பண்ணையத்தில் குனிந்தவர். களை எடுக்கக் குனிந்தார். பண்ணையக்காரர் தடத்தில் வந்தாலும் குனிந்தார். கடைசியில் முதுகு நிமிரவே இல்லை. இறந்தபோது பெட்டிக்குள் வைத்தால், வளைந்த முதுகினால் தலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மூடி பொருந்தவில்லை. இரண்டு பேர் நெஞ்சில் கைவைத்து அழுத்தினார்கள். உள்ளே ஏதோ முறிந்தது. இருபத்திரண்டு வயது பிரான்சிஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டார். என் கையால் கூலி வாங்கும் ஒருவரும் குனியக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

அதில் குற்றம் காண யாருக்கு வாய் வரும்? ஆனால் கறிவேப்பிலைச் செடிக்கு இந்தக் கதை தெரியாது.

ஆலையிலேயே அவர் வெல்டிங் வைத்துச் செய்த கருவி ஒன்று உண்டு. நாலரை அடி இரும்புக் குழாய். நுனியில் பிறைபோல வளைந்த தகடு. நின்றபடியே வெட்டலாம். ஊரில் அதைக் குழாய்க்கத்தி என்றார்கள். அதில் வெட்டு இடுப்பு உயரத்தில்தான் விழும். கறிவேப்பிலையை மண்ணிலிருந்து நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும். அப்போதுதான் தூரிலிருந்து பத்துக் குருத்து வெடித்துக் கிளம்பும். இடுப்பில் வெட்டினால் கீழே கட்டை, மேலே நாலு இலை. சென்ற வாரம் இலை ஏற்ற வந்த வண்டிக்காரர், தண்டில் வெள்ளையாக அப்பியிருந்த செதில் பூச்சியைப் பார்த்துவிட்டு வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போனது நினைவிருக்கும்.

தரையோடு அறுக்கட்டுமா என்று ஆல்வின் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் "நின்னு வெட்டு" என்பதே பதில். நான்காம் முறை அவன் கேட்கவில்லை.

அன்று பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தின நாள். காலை ஏழு மணிக்குப் பிரான்சிஸ் வண்டியில் வந்து இறங்கியபோது, சாலையோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் பச்சைச் சுவரில் பாதியைக் காணோம். அது இருந்த இடத்தில் தொலைவில் மலை தெரிந்தது. தரையில் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு கட்டைகள். நடுவே ஆல்வின் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அறுவாளை வீசிக்கொண்டிருந்தான். இரண்டு வரி தள்ளி, கூலிக்கு வரும் ராசாத்தாளும் இன்னும் மூன்று பெண்களும்.

"என்னடா இது?"

"அறுப்புங்ண்ணா."

"யாரைக் கேட்டு?"

"செடியைக் கேட்டுத்தானுங்க."

ராசாத்தாள் சிரித்துவிட்டாள். அன்று முழுதும் அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

"எந்திரிச்சு நின்னு பேசு."

"நின்னா வேலை ஆகாதுங்ண்ணா." ஆல்வின் கை நிற்கவில்லை. "இன்னும் பதினஞ்சு வரி கெடக்குது. பொழுதுக்குள்ள அறுத்து, குச்சியைக் கொளுத்திப்போடோணும். பாதி நின்னுச்சுன்னா அதுல இருக்கற பூச்சி பூராவும் இனிமே வர்ற குருத்துல எறங்கிரும். அப்புறம் தூரோட புடுங்கி எறியறதுதான்."

"இது என்ற தோட்டம்."

"ஆமாங்க. உங்க தோட்டந்தான். நாங்க பண்ணையத்துக்கு வந்தவங்க."

பிரான்சிஸ் கட்டி வைத்திருந்த இலைக்கட்டை எட்டி உதைத்தார். தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பொத்தான்கள் தெறித்தன. ஓங்கி ஓர் அறை. ஆல்வினுக்கு நாற்பத்து நான்கு வயது. மகள் நர்சிங் படிக்கிறாள். கூலிக்கு வந்த பெண்கள் பார்க்க, அவன் உதட்டிலிருந்து இரத்தம் இறங்கியது. அவன் திருப்பி அடிக்கவில்லை. இரத்தத்தைத் துப்பினான். அறுவாளைப் பொறுக்கிக்கொண்டு மறுபடியும் அதே செடியின் முன் உட்கார்ந்தான்.

உட்கார்ந்துகொண்டு, திரும்பாமலே சொன்னான்:

"அப்பனைக் குனிய வெச்சவரு வரப்பு மேல நின்னு இப்படித்தான் பாத்துட்டு இருப்பாருன்னு அப்பன் சொல்லும். எனக்கு அந்த மொகம் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சுங்ண்ணா."

குழாய்க்கத்தி வரப்பில் சாய்ந்திருந்தது. அதை எடுத்தது நினைவிருக்கிறது, ஓங்கியது நினைவிருக்கிறது, இறக்கியது நினைவில்லை என்று பிரான்சிஸ் பின்னால் சொன்னார். ஆல்வின் நிழலைப் பார்த்துத் திரும்பி, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினான். தகடு உள்ளங்கையின் விளிம்பில் இறங்கி, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் தோலில் தொங்கவிட்டு, எலும்பில் தட்டி நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் எழவில்லை. பச்சைக் குச்சி ஒடிவதுபோல ஓர் ஒலி. அவ்வளவுதான்.

அறுத்த கட்டைகளின்மேல் இரத்தம் சொட்டுச் சொட்டாகவும், பிறகு கோடாகவும் விழுந்தது.

கிணற்றடியில் மோட்டார் போடப் போயிருந்த மெர்சி ஓடிவந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையைக் கழற்றி, தொங்கிய விரல்களைச் சேர்த்துவைத்து, கையோடு இறுக்கிக் கட்டினாள். அவள் அழவில்லை.

"கொன்னே போட்டிருக்கலாமுங்க மாமா," என்றாள் பிரான்சிஸைப் பார்த்து. "ஒரே வேலையா முடிஞ்சிருக்கும்."

ராசாத்தாள் அவர் கையிலிருந்த குழாய்க்கத்தியைப் பிடுங்கினாள். நேரே போய்க் கிணற்றில் வீசினாள். திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"முதுகு வலிக்குதுன்னு எந்த நாளாவது உங்ககிட்டச் சொன்னமுங்களா? செடிக்கு முன்னால குனியறதுல எங்களுக்கு என்னுங்க கேவலம்? ஆளுக்கு முன்னால குனிஞ்சாத்தான் கேவலம். மூணு வருசமா உங்க சொல்லுக்குக் குனிஞ்சு நின்னமே, அதுதானுங்க கேவலம்."

நான்கு பெண்களும் அறுவாள்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். தோட்டத்தில் பிரான்சிஸ் மட்டும் நின்றார். எதிரே பதினைந்து வரி செடி, அவரைப் போலவே நின்றது.

* * *

பிரான்சிஸ் வீட்டின் முன்னறைச் சன்னல் பதினொன்றரை மணிக்கு உடைந்தது.

அவர் மனைவி பொற்கொடி சமையலறையிலிருந்து வருவதற்குள் இரண்டாவது கல்லும் வந்தது. அது சுவரிலிருந்த கடிகாரத்தில் பட்டது. வாசலில் மெர்சி. அடுத்த வீட்டிலிருக்கும் தன் பீரோவிலிருந்து மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துப்போக வந்தவள், எடுத்துக்கொண்டு கிளம்பியவள், இந்த வாசலைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டாள். பொற்கொடி வளர்க்கும் ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் அடித்தாள். மண்ணும் வேரும் ஓடுமாகச் சிதறின. ஆறாவது தொட்டியைத் தூக்கியபோது பொற்கொடி குறுக்கே வந்தாள்.

"எங்கீங்க அக்கா அவரு? வெளிய வரச் சொல்லுங்க."

"உள்ளதான் இருக்காரு. நீ உள்ள போகக்கூடாது அம்மணி."

"நகருங்க."

"நகர மாட்டேன்."

மெர்சி தொட்டியைப் போட்டுவிட்டு அவள் கூந்தலைப் பிடித்தாள். பொற்கொடி அவள் இரண்டு கையையும் பிடித்தாள். கதவில் முட்டிக்கொண்டு இருவரும் உடைந்த கண்ணாடி மேலேயே விழுந்தார்கள். எழுந்தபோது பொற்கொடியின் முழங்கையில் கீறல். மெர்சி பளாரென்று அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

பொற்கொடி கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கமும் இருக்குது. அடிச்சுக்க."

"பூசையில கேட்டதையெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க அக்கா. நெசமாவே அடிச்சுப்போடுவேன்."

"நெசமாத்தான் சொல்றேன் அம்மணி. உன்ற ஆத்தரம் ஆறட்டும். ஆனா உள்ள போயி நீயும் ஒண்ணு பண்ணிப்போட்டீன்னா, ரெண்டு குடும்பமும் செயில்ல போயித்தான் பொங்கித் திங்கோணும்."

மெர்சி கையை விலக்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்தாள். உள்ளறைக் கதவு தாழிட்டிருந்தது. அதன் பின்னால் பிரான்சிஸ் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கதவைப் பார்த்தே பேசினாள்.

"மேட்டுப்பாளையத்துல கட்டு மட்டும் போட்டு, கோயமுத்தூருக்கு அனுப்பிப்போட்டாங்க. இப்ப ஆபரேசன் தியேட்டருக்குள்ள இருக்காரு. எங்கண்ணன் பக்கத்துல இருக்கான். வெரல் ரெண்டும் ஒட்டுமா, ஒட்டுனாலும் மடங்குமான்னு சாங்காலம் சொல்றாங்களாம். மடங்கலேன்னா அறுவாப் புடிக்க முடியாதுங்க. அவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதான்."

காலில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டாள்.

"போலீஸ் வந்து கேட்டுச்சு. என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? வழுக்கி உழுந்துட்டேனுங்கன்னாரு. வெரல் தொங்குது, வாயில பொய் வருது. அண்ணன் பேரைச் சொல்லிராதேன்னு என்ற கையைப் புடிச்சாரு. நான் கேக்கலீங்க மாமா. உங்க பேரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் எழுந்து அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலைத் தாண்டியவள் நின்றாள்.

"உள்ள கொண்டுபோறப்ப ஒரு வார்த்தை கேட்டாரு. வலிக்குதுன்னு சொல்லலை. மிச்ச வரியை யாரு அறுப்பாங்கன்னு கேட்டாரு."

அவள் போன பிறகு பொற்கொடி உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுது," என்றது உள்ளிருந்து குரல். "போலீஸ் வரட்டும். நான் எங்கயும் ஓடலை."

"ஓடச் சொல்லலை. அவங்க வர்ற வரைக்கும் கட்டில்லயே படுத்திருப்பீங்களான்னுதான் கேக்கறேன்."

தாழ் விலகியது. பிரான்சிஸின் சட்டையில் தம்பியின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் கோவிலை நோக்கி நடந்தார்.

* * *

பங்குச் சாமியாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாராபுரத்துப் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பம். மாலைப் பூசையில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும்; அதற்காகப் பீடத்தின் முன் நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. முதல் சீட்டில் பங்குப் பேரவைத் துணைத்தலைவர் பிரான்சிஸின் பெயர்.

"எம்பேரைக் கிழிச்சுப்போடுங்க ஃபாதர். நீங்க என்ற காலைத் தொடக்கூடாது."

"ஏனுங்க, காலுக்கு என்னாச்சு?"

"காலுக்கில்லீங்க. கைக்கு."

சட்டையைப் பார்த்ததும் சாமியார் நாற்காலியை விட்டுவிட்டார். பிரான்சிஸ் நடந்ததை முழுதும் சொன்னார். கால் பகுதி தம்பியின் மேல் குறையாகவும், முக்கால் பகுதி தன்மேல் குறையாகவும் ஆரம்பித்து, முடிக்கும்போது தம்பியின் மேலிருந்த கால் பகுதியும் இல்லாமல் போனது. அப்பாவைப் பெட்டியில் வைத்த கதையையும் சொன்னார். அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாமியார் அவர் பக்கத்திலேயே, சீட்டு ஒட்டிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கப்பாவைக் குனிய வெச்சது பாவமுங்க. அதுல ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனா இன்னைக்கு நாம நெனைக்கறமே ஆண்டவரு, அவரை யாரும் குனிய வெக்கலை. அவரு முன்னால ஒலகமே குனியோணும். அப்படிப்பட்டவரு தானா எந்திரிச்சு, இடுப்புல துண்டைக் கட்டிட்டு, மீன் புடிக்கறவங்க காலடியில உக்காந்தாரு. குனிய வெக்கறது ஒண்ணு, குனியறது ஒண்ணு. நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கட்டிப்போட்டீங்க."

பிரான்சிஸ் தன் பெயர்ச் சீட்டைப் பிய்த்தெடுத்தார்.

"அதே நாள் ஒரு தோட்டத்துல வெச்சு அவரோட சீடரே ஒருத்தரு கத்தியை உருவி, ஒரு வேலைக்காரன் காதை அறுத்துப்போட்டாரு. அவரும் நல்லதுன்னு நெனச்சுத்தான் உருவுனாரு."

"அந்தக் காதை ஆண்டவர் தொட்டாருங்க ஃபாதர், ஒட்டிக்கிச்சு." பிரான்சிஸ் தன் கையை விரித்துப் பார்த்தார். "என்ற கையில அந்த வல்லமை இல்லீங்களே."

"இல்லைதானுங்க." இளைஞர் அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "மிச்சம் எத்தனை வரின்னீங்க?"

"பதினஞ்சு."

"பாவசங்கீர்த்தனம் நான் எப்ப வேணா கேப்பேன். செதில் பூச்சி காத்திருக்காதுங்க."

* * *

இரண்டு மணி வெயில். பிரான்சிஸ் தோட்டத்துக்குள் வந்தபோது, காலையில் இரத்தம் விழுந்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. ஆல்வினின் அறுவாள் அங்கேயே கிடந்தது. எடுத்தார். பிடி பிசுபிசுத்தது.

குத்துக்காலிட்டு உட்காரப் பார்த்தார். முப்பது ஆண்டு உலை முன் நின்றே பழகிய முழங்கால்கள், மடங்கவில்லை. பின்புறமாக விழுந்தார். எழுந்து மறுபடி முயன்றார், மறுபடியும் விழுந்தார். கடைசியில் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு, முதல் செடியை இடக்கையால் பிடித்தார்.

அறுவாள் கட்டையான தண்டில் பட்டு வழுக்கி, முழந்தாளுக்குக் கீழே அவர் காலையே கிழித்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் வெட்டினார். மூன்று வெட்டில் ஒரு தண்டு சாய்ந்தது. அதன் பக்கக்கிளை கண்ணோரம் அடித்தது. இரண்டாவதற்கு ஐந்து வெட்டு. உள்ளங்கையில் கொப்புளம் எழுந்து உடைந்தது. செடிகளை அவர் அறுக்கவில்லை. அவற்றோடு சண்டை போட்டார். வேரோடு ஆட்டினார், முறுக்கினார், திட்டினார். ஏழாவது செடியில் தலைமேல் சாய்ந்த தண்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் அதைக் கண்டார்.

மூன்று ஆண்டுகளாக அவர் இந்தத் தோட்டத்தை மேலிருந்து பார்த்திருக்கிறார். மேலிருந்து பார்த்தால் பச்சை. கீழிருந்து பார்த்தால், ஒவ்வொரு இலையின் அடியும் வெளுத்து, ஒவ்வொரு தண்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் பூச்சி அப்பிக் கிடந்தது. தூரைச் சுற்றி, வெளிச்சம் தேடிக் கிளம்பி, வெளிச்சம் கிடைக்காமல் கருகிப்போன குருத்துகள், விரல்களைப் போல நீட்டிக்கொண்டு நின்றன. தம்பி மூன்று முறை சொன்னது இதைத்தான். உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பிரான்சிஸ் செடியைத் திட்டுவதை நிறுத்தினார்.

பொற்கொடி வந்தாள். ஒன்றும் கேட்காமல், வெட்டிப்போட்ட குச்சிகளை இழுத்துப் பாறைமேட்டில் குவித்துத் தீ வைத்தாள். ஈரக் குச்சி முதலில் புகைந்தது. பிறகு பிடித்துக்கொண்டு படபடவென்று வெடித்தது.

"வெந்துபோயிருவீங்க. தண்ணி குடிங்க."

"வை. குடிக்கறேன்."

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த சுமைக்குப் போனாள்.

வேலிக்கு வெளியே ராசாத்தாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

"ராசாத்தா," என்று பொற்கொடி கூப்பிட்டாள். "சும்மா நிக்கறதுக்கு ஒரு கை குடுக்கலாமல்ல."

"அவரு தனியாவே செய்யட்டுங்க. இது கூலிக்கு ஆகற வேலை இல்லை."

ஐந்து மணிக்குப் பன்னிரண்டு வரி சாய்ந்திருந்தது. இலைகளின் வாசனை, புகை, வியர்வை எல்லாம் கலந்து தோட்டமே மூச்சு முட்டியது. அப்போது தடத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ.யும் ஒரு காவலரும் இறங்கினார்கள். பின்னால் மெர்சி. அடையாளம் காட்ட அவளையும் அழைத்து வந்திருந்தார்கள்.

"பிரான்சிஸ் நீங்கதானுங்களா?" என்றார் எஸ்.ஐ.

"நான்தானுங்க."

"எந்திரிங்க."

பிரான்சிஸ் அறுவாளைத் தரையில் வைத்தார். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால்கள் பூட்டிக்கொண்டன. காவலர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வந்தார்.

"சித்த நேரம் இருங்க," என்றாள் மெர்சி.

அவள் புருசனின் இரத்தம் பட்ட சேலையை இன்னும் மாற்றவில்லை. அறுத்த வரிகளுக்குள் இறங்கி நடந்தாள். முதல் மூன்று வரிகளிலும் கட்டைகள் ஏறுமாறாக நின்றன. சில ஒரு சாண், சில அதற்கும் மேல். அதற்கப்புறம் சீராக இறங்கியிருந்தன. கடைசியாக அறுத்த வரியில் நாலு விரல்தான். அவள் திரும்பி முதல் வரிக்கே வந்து, ஒரு கட்டையின் பக்கத்தில் பாதத்தை வைத்து அளந்து பார்த்தாள்.

"இது ஒசரமுங்க மாமா. இந்த மூணு வரியும் ஒசரம். இன்னுங் கீழ வெட்டோணும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

பிரான்சிஸ் அறுவாளை எடுத்துக்கொண்டார். நடக்க முடியவில்லை. கைகளை ஊன்றி, மண்ணில் தேய்த்துக்கொண்டே முதல் வரிக்குத் திரும்பி வந்தார். மெர்சியின் காலருகே இருந்த கட்டையை மறுபடியும் அறுத்தார். நாலு விரல் இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். தலையை அசைத்தாள். அவர் அடுத்த கட்டைக்குப் போனார்.

எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, சமாதானமாப் போறீங்களா? அப்படீன்னா எழுதிக் குடுத்துருங்க."

"சமாதானம் இல்லீங்க சார். குடுத்த புகாரு குடுத்ததுதான். நான் ஒண்ணையும் வாபஸ் வாங்கலை." மெர்சி கண்ணைத் திருப்பவில்லை. "இந்த மூணு வரி, அதுக்கப்புறம் நிக்கற மூணு வரி. முடிச்சாருன்னா கூட்டிட்டுப் போங்க. அது வரைக்கும் இருக்க முடியுங்களா?"

எஸ்.ஐ. எரிகிற குவியலைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தவரின் காலில் இரத்தம் ஊறிய துண்டைப் பார்த்தார். ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு காவலரிடம் டீ வாங்கி வரச் சொன்னார்.

வேலியோரத்திலிருந்து ராசாத்தாள் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நின்றிருந்த மூன்று வரிகளில் கடைசி வரியின் முனையில், யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினாள்.

மெர்சியின் கையிலிருந்த போன் ஒலித்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும் அவள் அண்ணன். பொற்கொடி கையிலிருந்த குச்சிகளோடு அப்படியே நின்றுவிட்டாள். மெர்சி போனைக் காதில் வைத்தாள். "சொல்லு" என்றாள். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

பிரான்சிஸ் தலையை நிமிர்த்தவில்லை. என்ன செய்தி என்று கேட்கத் தனக்கு இனி உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த தூரைச் சுற்றியிருந்த சருகைக் கொப்புளம் உடைந்த கையால் விலக்கினார். கன்னம் மண்ணைத் தொடும் அளவுக்குக் குனிந்து, அறுவாளை வைக்க வேண்டிய இடத்தைத் தேடினார்.